பெட்டிச் சூடு

ஒரு சனிக்கிழமை காலை, செங்கல்பட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின்மேல் ஓர் எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து வைத்தாள் மகள். பால்சா மரத்தில் செய்த விமான இறக்கை. ஐந்தடி நீளம். நடுவில் முதுகுத்தண்டுபோல ஒரு சட்டம். அதன் குறுக்கே இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் விலாக்கள். முன்னும் பின்னும் ஓரக்கட்டைகள். தூக்கிப் பார்த்தேன். கையில் எதையோ வைத்திருக்கிறோம் என்பதே தெரியவில்லை. இரண்டு முனைகளையும் பிடித்து லேசாகத் திருகினேன். பிழியப்போகும் துணியைப்போல முறுக்கிக்கொண்டது.

“திருகாதம்மா! ஒடஞ்சா எங்க டீமே என்னைக் கொன்னுடும்.”

அவள் விமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்காக, ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். குழுவில் ஏழு பேர். ஐந்து பையன்கள், இரண்டு பெண்கள். வேலைப் பிரிவினை முதல் நாளே முடிந்துவிட்டதாம். மோட்டார் ஒருவன், பேட்டரியும் மின்னிணைப்பும் ஒருவன், கணக்கீடு இருவர், பறக்கவிடுவது குழுத்தலைவன். ‘கவரிங்’ மட்டும் பெண்களுக்கு. “உங்களுக்குத்தான் கை நீட்டா இருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தார்களாம்.

கவரிங் என்றதும் எனக்கு நகைக்கடைதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கே ஓர் இளப்பம் உண்டு. கவரிங் செயின், கவரிங் வளையல். உள்ளே ஒன்றுமில்லை, மேலே பூச்சு மட்டும். பையன்களும் அந்த அர்த்தத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். எஞ்சினியரிங் எல்லாம் முடிந்தபிறகு மேலே கலர் ஒட்டுகிற வேலை.

பையிலிருந்து ஒரு சுருளை எடுத்தாள். பளபளக்கும் சிவப்புத் தாள் மாதிரி இருந்தது. பாலியஸ்டர் ஃபிலிம். பின்பக்கம் சூட்டில் இளகும் பசை. அதைக் காக்க ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். பிளாஸ்டிக்கை உரித்து, ஃபிலிமை இறக்கையின்மேல் விரித்து, இஸ்திரிப் பெட்டியால் ஓரங்களை ஒட்ட வேண்டும். பிறகு இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் நடுவில் தொங்கும் பகுதி தானாகச் சுருங்கி இறுகும். பசை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸில் பிடிக்கத் தொடங்கும். ஃபிலிம் நன்றாக இறுகுவது 150ஐ ஒட்டி. அதைத் தாண்டிப் போனால் ஓட்டை.

ஹாஸ்டலில் ஒரு பக்கம் ஒட்டிப் பார்த்திருக்கிறாள். முழுக்கச் சுருக்கம், ஓர் இடத்தில் உள்ளங்கை அகல ஓட்டை. உரித்துப்போட்டதுபோக இரண்டு மீட்டர்தான் மிச்சம்.

“நீ ஒட்டித் தாயேன்மா. எனக்குக் கை நடுங்குது.”

“எனக்கு இஸ்திரி போடத் தெரியாது” என்றேன்.

அவள் சிரித்தாள். நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு, ஒரு வீட்டை நடத்துகிறவளுக்கு, இஸ்திரி போடத் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அது உண்மை. எங்கள் வீட்டுத் துணிகள் தெருமுனை வண்டிக்குத்தான் போகும். அவசரத்துக்கு என் கணவரே தேய்த்துக்கொள்வார். நான் அந்தப் பெட்டியைத் தொட்டதே இல்லை.

ஏன் என்பதை இதுவரை எழுதியதில்லை.

*

என் அம்மா செங்கல்பட்டில் ஒரு புங்கமரத்தடியில் முப்பது வருடங்களுக்குமேல் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். கோர்ட் குமாஸ்தாக்கள், ரயில்வே குடியிருப்புக்காரர்கள், இரண்டு மூன்று டாக்டர் வீடுகள் என்று வாடிக்கை. கொட்டாங்கச்சிக் கரி போட்ட இரும்புப் பெட்டி. ஏழு கிலோவுக்குக் குறையாது. காலை ஆறு மணிக்குக் கரி பற்றவைத்தால் இருட்டும்வரை நின்றுகொண்டே வேலை. ‘வண்ணாத்தி மவ’ என்பதுதான் பள்ளிக்கூடத்தில் என் பெயர். வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர் ஆசிரியர்களுக்கு மட்டும்.

ஒன்பது வயதில் ஒருநாள், அம்மா தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கப் பார்த்தேன். கனம் தாங்காமல் அது சாய்ந்தது. இடது மணிக்கட்டில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. கடிகாரப் பட்டையால் மறைத்துக்கொள்வேன். அன்றைக்கு அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். திரும்பி வரும்போது சொன்னார்: “இந்தப் பொட்டி என்னோட போவட்டும். உன் கை இதத் தொடக் கூடாது.”

அதை நான் கட்டளையாக எடுத்துக்கொண்டேன். பிறகு வசதியாகவும் எடுத்துக்கொண்டேன். கல்லூரியில் சேர்ந்தபோது, ஆய்வுக்குப் பதிவு செய்தபோது, வேலைக்கு விண்ணப்பித்தபோது எங்கெல்லாம் தாயின் தொழில் கேட்டார்களோ அங்கெல்லாம் ‘இல்லத்தரசி’ என்று எழுதினேன். இல்லத்தில் அவர் இருந்த நேரம் தூங்கிய நேரம் மட்டும்தான்.

என் முனைவர் பட்ட ஆய்வு சங்க இலக்கியத்தில் உழைக்கும் பெண்கள் பற்றியது. நூல் நூற்கும் பருத்திப் பெண்டு, உப்பு விற்கும் உமணர் மகளிர், மீன் விற்கும் பரதவர் பெண்கள். துணி வெளுக்கும் பெண்ணுக்குப் பதினொரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். குறுந்தொகையில் அவள் பசையில் தோய்த்த ஆடையைக் குளிர்ந்த குளத்து நீரில் அலசுகிறாள். பிரியாமல் முறுக்கிக்கிடக்கும் அந்த ஆடை, பகன்றைப் பூவுக்கு உவமையாகிறது. நற்றிணையில் ஒருத்தி சோற்றுக் கஞ்சி போட்ட ஆடையை இரவில் தோய்க்கிறாள். பாடல்கள் அவளைப் ‘புலைத்தி’ என்கின்றன. அழுக்கை நீக்குகிறவளுக்கு அழுக்கிலிருந்து பெயர் வைத்திருக்கிறார்கள் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். என் நெறியாளர் பாராட்டினார். அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கும் என் அம்மா இல்லை. நன்றியுரையில் அவருக்கு ஒரு வரி கொடுத்திருந்தேன்: அன்பால் வளர்த்த தாய்க்கு.

வளர்த்தது அன்பு மட்டுமல்ல. ஒரு சட்டைக்கு இத்தனை காசு என்று கணக்குப் போட்ட வேலை.

*

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அன்றைக்குக் கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வந்தார். ஃபிலிமின் ஒரு மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உரசிப் பார்த்தார்.

“துணிதான் இது. நூலு இல்லாத துணி. டெரிலின் ஜாதி.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “ஆமா ஆயா. ரெண்டும் பாலியஸ்டர்தான்.”

“அதாங் கேட்டேன்.”

ஆயா என்றுதான் எங்கள் பக்கத்தில் பாட்டியைக் கூப்பிடுவோம். ஆயாவுக்கு ‘பாலியஸ்டர்’ என்ற சொல் தேவைப்படவில்லை. அவர் வண்டியைத் தொடங்கிய காலத்தில் பருத்திச் சட்டைகளும் வேட்டிகளும்தான். பிறகு டெரிலினும் டெரிகாட்டனும் வந்தன. பருத்திக்குப் பழகிய கைக்கு இந்தத் துணி எதிரி. சூடு கொஞ்சம் மீறினால் சுருங்கிவிடும். இன்னும் மீறினால் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும். ஒரு டாக்டர் வீட்டுச் சட்டை அப்படிப் போனது; இரண்டு மாதக் கூலியில் அதைக் கழித்தார்கள். அந்தச் சட்டைதான் தனக்கு வாத்தியார் என்பார் அம்மா. கரியைக் குறைத்து, மூடியைத் திறந்துவைத்து, பெட்டியை ஈரச் சாக்கில் ஒருமுறை தேய்த்துச் சூட்டை இறக்கி, நடுவில் ஒரு பருத்தித் துணியைப் போட்டு என்று அவர் தானாகக் கண்டுபிடித்தவை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மின்சாரப் பெட்டியை எடுத்துவரச் சொன்னார். அடித்தகட்டின்மேல் என் கணவரின் பழைய வேட்டித் துண்டு ஒன்றை இழுத்துக் கட்டினார்.

“வெறும் பொட்டிய வெச்சா கீறல் வுழும். பளபளப்பு மாறிடும்.”

மகள் கைப்பேசியில் ஏதோ தேடி என்னிடம் காட்டினாள். மாதிரி விமானக்காரர்கள் பெட்டிக்குப் போடுவதற்கென்றே தைத்த துணி உறையை விற்கிறார்கள். ‘சாக்ஸ்’ என்று பெயர்.

முதலில் ஓரத்தில் வெட்டிய துண்டு ஒன்றை ஒரு மரச்சில்லின்மேல் வைத்துச் சூட்டை அளந்தார் அம்மா. விரலை நீரில் நனைத்துப் பெட்டிமேல் தெளித்தார். சத்தம் கேட்டார். சுழலியைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி தெளித்தார். “இப்ப ஒட்டும். இழுக்காது” என்றார். மகளின் வெப்பமானி 105 காட்டியது.

பிறகு எங்கள் இருவருக்கும் பாடம் நடந்தது. மகளுக்குத் தெரிந்ததும் அம்மாவுக்குத் தெரிந்ததும் மேசையின் இரண்டு பக்கமிருந்து வந்து ஓரிடத்தில் சந்தித்தன.

மரத்தூள் ஒரு துளி இருந்தாலும் பசை பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இறக்கையின் அடிப்பக்கத்தை முதலில் மூட வேண்டும், மேல்பக்கம் பிறகு. அப்போதுதான் மேல்துண்டின் விளிம்பு கீழ்த்துண்டின்மேல் ஏறி உட்காரும். எதிர்க்காற்று விளிம்பைப் பிடித்துக் கிளப்பாது. “ஓடு வேயற மாதிரி” என்றார் அம்மா. ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குத் தேய்த்துக்கொண்டே போகக் கூடாது. அதுதான் மகள் செய்த தவறு. உடலோடு சேரும் பக்கத்தில் நடுவில் ஒரு புள்ளி, இழுத்து நுனியில் ஒரு புள்ளி, முன்விளிம்பில் ஒன்று, இழுத்துப் பின்விளிம்பில் ஒன்று. அதன்பின் மூலைகள். இழுவை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஓரங்களை முழுமையாக ஒட்ட வேண்டும். புடவைக்குப் பெட்டி போடும்போதும் அப்படித்தானாம். நடுவில் தொடங்காதவளின் புடவை கோணலாகத்தான் மடியும்.

கெட்டி மரப் பகுதியில் ஃபிலிமுக்கடியில் காற்று சிக்கிக் கொப்புளம் எழுந்தது. மகள் பதறினாள். அம்மாவின் வளையலில் எப்போதும் இரண்டு ஊக்குகள் தொங்கும். ஒன்றைக் கழற்றி, கொப்புளத்தைக் குத்தி, மேலே பெட்டியை ஒருமுறை ஓட்டினார். தடம் தெரியவில்லை.

கடைசியில் சூட்டைக் கூட்டினார். விலாக்களுக்கு நடுவே தொய்ந்து கிடந்த சிவப்பின்மேல் பெட்டியைப் பட்டும்படாமலும் கொண்டுபோனார். சுருக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விரலால் சுண்டினேன். தோல் வாத்தியம்போல ஒலித்தது.

“இப்பத் திருகிப் பாரும்மா” என்றாள் மகள்.

திருகினேன். இறக்கை அசையவில்லை.

*

அன்றைக்கு நான் கற்றுக்கொண்டது இதைத்தான். கவரிங் என்பது மேற்பூச்சு அல்ல. மூடாத இறக்கையின் வழியே காற்று ஊடுருவிப் போய்விடும், அது பறக்காது. மூடிய பிறகுதான் மேலும் கீழுமாகக் காற்று பிரிந்து ஓடித் தூக்குவிசை பிறக்கும். அதோடு, இறுகிய ஃபிலிம் விலாக்களை மூலைவிட்டமாக இழுத்துப் பிடித்திருப்பதால்தான் இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கிறது. சதுர மீட்டருக்கு 60, 70 கிராம் எடையுள்ள ஒரு தோல் மரத்தின் வேலையில் பாதியைச் செய்கிறது. ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் சூடு காட்டினால் இறக்கையே கோணிவிடும். கோணிய இறக்கை விமானத்தை ஒருபக்கமாகச் சாய்த்துத் தரையில் மோதவைக்கும். ஏழு பேர் குழுவில் விமானத்தைக் கெடுக்கக்கூடிய வேலைகளில் ஒன்றை, அலங்காரம் என்று பெயரிட்டு இரண்டு பெண்களிடம் தள்ளியிருந்தார்கள்.

நீட்டான கை என்பது பொய்யில்லை. ஆனால் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிறப்பில் வந்தது என்று சொல்லிவிட்டால் கூலி தர வேண்டாம், பெயர் போட வேண்டாம்.

விமானத்தின் வரலாற்றிலும் இதே கதைதான். ரைட் சகோதரர்கள் 1900இல் கிட்டி ஹாக்கில் சோதித்த கிளைடருக்கு சாட்டின் வகைப் பருத்தித் துணியைப் போர்த்தினார்கள். துணியை அளவுக்கு மாற்றித் தைக்க வேண்டிவந்தபோது, தங்கியிருந்த இடத்துத் திருமதி டேட்டின் தையல் இயந்திரத்தை வாங்கித் தைத்தவர் வில்பர் ரைட். சோதனை முடிந்து அவர்கள் விட்டுவிட்டுப் போன அந்தக் கிளைடரின் துணியை எடுத்துத் திருமதி டேட் தன் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு கவுன் தைத்துப் போட்டார். சகோதரர்களின் தங்கை கேத்தரின், லத்தீன் மொழி கற்பித்த பள்ளி ஆசிரியர். இறக்கைத் துணியை அவர்தான் தைத்தார் என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. ஊசி ஆணின் கையில் இருந்தபோதும் உலகம் அதைப் பெண்ணின் கையில் வைத்துத்தான் பார்த்திருக்கிறது. அவர் கையில் உண்மையில் இருந்த புத்தகத்தை அந்தக் கதை கண்டுகொள்ளவில்லை.

முதல் உலகப் போரில் இங்கிலாந்தின் விமானத் தொழிற்சாலைகளில் லினன் துணியைத் தைத்து இறக்கைகளில் போர்த்தி, அதன்மேல் ‘டோப்’ என்ற கரைசலைப் பூசும் வேலைக்கு ஏராளமான பெண்கள் போனார்கள். டோப் காயும்போது துணி இறுகும். அதில் கலந்திருந்த டெட்ராகுளோரோஈத்தேன் காற்றில் ஆவியாகி மூச்சோடு உள்ளே போனது. கல்லீரல் கெட்டு மஞ்சள்காமாலை கண்டது, சிலர் இறந்தார்கள். போர் விமானிகளுக்குச் சிலைகள் இருக்கின்றன.

மாதிரி விமானக்காரர்களும் பல காலம் மெல்லிய காகிதத்தையும் பட்டையும் டோப்பையும்தான் பயன்படுத்தினார்கள். சூட்டில் ஒட்டும் ஃபிலிம் 1960களில் அமெரிக்காவில் ‘மோனோகோட்’ என்ற பெயரில் பரவியது. அதற்குத் தேவைப்பட்டது வீட்டு இஸ்திரிப் பெட்டி. பெண்ணின் கையில் இருந்த கருவி ஆணின் பட்டறைக்குள் போனது அப்படித்தான். போன பிறகு அளவில் சிறியதாக்கி, கைப்பிடியை மாற்றி, ‘சீலிங் அயர்ன்’ என்று புதுப்பெயர் வைத்து விற்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் என்றால் ஆண்கள் கூச்சமில்லாமல் பிடிக்கலாம்.

எங்கள் இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த விமானம் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறி. முதல் இலம்பகத்தை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆபத்து வரப்போகிறது என்று உணர்ந்த சச்சந்தன், கருவுற்ற தன் மனைவி விசயைக்காக ஒரு தச்சனிடம் சொல்லிச் செய்விக்கிறான். ஏழே நாளில் மயில் தயாராகிறது. திருத்தக்கதேவர் அதற்கான பொருள்களைப் பட்டியல் போடுகிறார்: துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு. வகுப்பில் இந்தப் பட்டியலை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். பொறியை வலப்பக்கம் திருகினால் மேலே எழும், இடப்பக்கம் திருகினால் இறங்கும் என்பதற்குத்தான் மாணவிகள் கண்ணை விரிப்பார்கள். அன்று இரவுதான் எனக்கு உறைத்தது. பிசினும் அரக்கும் மெழுகும் சூட்டில் இளகி, ஆறினால் பிடிப்பவை. துணியும் சூட்டில் இளகும் பசையும் சேர்ந்தால் இறக்கை. மேசைமேல் கிடந்ததும் அதுதான்.

விசயை சில நாள் பழகி அந்த மயிலை ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். கணவனை விட்டுவிட்டு, வயிற்றில் பிள்ளையோடு தனியாகப் பறக்கிறாள். பகைவனின் வெற்றி முரசு காதில் விழுந்ததும் மயங்குகிறாள். மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். அதன்பின் காப்பியம் சீவகனுடையது. ஓட்டத் தெரிந்தவளைப் பிறகு யாரும் ஓட்டச் சொல்லவில்லை.

கதையை அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏழு நாளுல தச்சன் மட்டுமா செஞ்சிருப்பான்?” என்றார்.

*

வலது இறக்கையை அம்மா முடித்தார். இடது இறக்கையை மகள் செய்தாள்; அம்மா பக்கத்தில் நின்று “வேகம் வேணாம், வேகம் வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வால் பகுதி மிச்சமிருந்தது. அம்மாவுக்கு மணிக்கட்டு வலி. பெட்டியை என் பக்கம் நீட்டினார்.

“தொடக் கூடாதுன்னு சொன்னியே” என்றேன். குரலில் எதையோ மறைக்கப் பார்த்தேன்.

“அது கரிப் பொட்டி. இது வேற.” கொஞ்சம் நிறுத்தி, “நீ தொடக் கூடாதுன்னு சொன்னேன். தெரியாதுன்னு சொல்லச் சொல்லல” என்றார்.

எந்தப் படிவத்தைப் பற்றியும் நான் அவரிடம் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருடமாக என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டேன். கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். வியர்வைக்காக என்று மகள் நினைத்திருப்பாள். அம்மா என் கையின்மேல் தன் கையை வைத்து முதல் கோட்டை ஓட்டினார். உள்ளங்கை இன்னும் காய்ப்பு இறங்காமல் இருந்தது. வாலில் என்னால் ஒரு சுருக்கம் விழுந்தது. எவ்வளவு சூடு காட்டியும் போகவில்லை.

*

இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு விடியற்காலை, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் போனோம். ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சவுக்குத் தோப்புக்கு இந்தப்பக்கம் ஒரு வெட்டவெளி. தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் அந்தத் திசையில் எதையும் பறக்கவிட முடியாது. பையன்கள் வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்து இடம் தேர்ந்திருந்தார்கள். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லப் போகும். வெயில் ஏறினால் கடற்காற்று திரும்பிப் பலமாக அடிக்கும். அதற்குள் பறக்கவிட்டு முடிக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து விமானத்தை எடுத்துப் பொருத்தியபோது இடது இறக்கையின் முன்விளிம்பில் நாலு விரற்கடை நீளத்துக்கு ஃபிலிம் எழும்பியிருந்தது. மகள் ஒட்டிய பக்கம். காற்று நேராக வந்து மோதும் இடம். பறக்கும்போது பிடித்தால் கிழித்துக்கொண்டே போகும். மைதானத்தில் மின்சாரம் இல்லை. குழுத்தலைவன் ஒட்டுநாடா இருக்கிறது என்றான். “அதான் சொன்னேன், கவரிங்கை இன்னும் கவனமா பண்ணியிருக்கலாம்” என்று இன்னொருவன். அலங்காரமாக இருந்தது, தவறு நடந்ததும் பொறுப்பாகிவிட்டது.

அம்மா சாலையோர டீக்கடைக்கு நடந்தார். ஒரு சொம்பு கேட்டார். அடுப்பில் அதன் அடியைக் காட்டி, நீர் தெளித்து, சத்தம் கேட்டார். சொம்பின் கழுத்தை முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தார். “கைக்குட்ட குடு” என்றார் குழுத்தலைவனிடம். கைக்குட்டையை விளிம்பின்மேல் போட்டுச் சொம்பின் அடியை வைத்து அழுத்தினார், எடுத்தார், வைத்தார். நாலைந்து முறை. விளிம்பு ஒட்டிக்கொண்டது.

“பொட்டி வாங்கக் காசு இல்லாதப்ப எங்கம்மா இப்படித்தான் பாவாடைக்குப் போடும்” என்றார்.

பையன்கள் கைதட்டினார்கள். “பாட்டி, சூப்பர்!” என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மகள் கைதட்டவில்லை. அவள் வேறொன்று கேட்டாள்: தான் ஒரு முறை ஓட்ட வேண்டும். கணினியில் மூன்று மாதமாகப் பழகியிருக்கிறாள்; எல்லோருக்கும் தெரியும். “ரிஸ்க் வேணாமே, போட்டி முடியட்டும்” என்றான் குழுத்தலைவன். “உன் கிட்ட இருந்தா ரிஸ்க் இல்லையா?” என்றாள். நான் குறுக்கே பேச வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

முதல் பறப்பு அவனுடையது. இரண்டாவது அவளுடையது. விமானம் எழுந்து, சவுக்குத் தோப்பின் உயரத்துக்கு மேலே போய்த் திரும்பியபோது சூரியன் அதன் பின்னால் வந்தது. சிவப்புத் தோலுக்குள் விலாக்கள் அத்தனையும் தெரிந்தன. ஆறு நிமிடம் பறந்தது. இறங்கும்போது மணலில் மூக்கு குத்தி ப்ரொப்பெல்லர் உடைந்தது. பரவாயில்லை, அதற்கு மாற்று வைத்திருந்தார்கள். போட்டியில் அவர்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

போட்டிக்குக் கொடுத்த தொழில்நுட்ப அறிக்கையின் நகலை மகள் எனக்கு அனுப்பினாள். மோட்டார், மின்னிணைப்பு, கணக்கீடு என்று ஒவ்வொரு பகுதிக்கும் செய்தவர் பெயரும் தகுதியும். கவரிங் என்ற இடத்தில் மூன்று பெயர்கள். அவளும் அவள் தோழியும். அதற்கு மேலே, முதல் பெயராக, என் அம்மாவின் பெயர். தகுதி என்ற கட்டத்தில் எழுதியிருந்தாள்: சலவைத் தொழிலாளி, 32 ஆண்டு அனுபவம்.

அந்த 32 எனக்குத் தெரியாது. ‘முப்பதுக்குமேல்’ என்றுதான் இந்தக் கட்டுரையின் நடுவில்கூட எழுதியிருக்கிறேன். அவள் ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள்.

விமானம் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து தொங்குகிறது. குறுந்தொகை நடத்திவிட்டு வந்த ஒரு மாலையில் அதன்கீழ் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு வகுப்பில், அந்தப் பாட்டில் துணி அலசுகிறவளைப் பற்றிப் பேசும்போது, “என் அம்மாவும் இந்த வேலைதான் செய்தார்” என்று சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு முடிந்ததும் என் பையை ஸ்டாஃப் ரூம்வரை தூக்கிக்கொண்டு வந்தாள்.

அண்ணாந்து பார்த்தால் வாலில் அந்தச் சுருக்கம் தெரிகிறது. பெட்டி வீட்டில்தான் இருக்கிறது. ஒருநாள் சரிசெய்ய வேண்டும்.